பழக நேரம் வேண்டும்

(கொட்டாஞ்சேனையில், கடைகளில் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என்னிடம் படித்த பையன் ஒருவன் வெள்ளவத்தையில் ஒரு கடையில் நிற்கிறான். அவனுக்கு பேக்பைப் வாசிக்க ஆசை. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் நாடான ஸ்கொட்லாந்தின் வாத்தியம் அது.

எடுத்தவுடனே பையோடு ஊத முடியாது. முதலில் பை இல்லாத சின்னக் குழலில் விரல் பழக வேண்டும். ஒன்பது சுரம்தான். ஆனாலும் மாதக்கணக்கில் தினமும் பழகினால்தான் விரல் படியும். பிறகுதான் பை. நாம் மூச்சு வாங்கும்போது கை பையை அமுக்க வேண்டும். அப்போதுதான் ஓசை அறாது. நாதஸ்வரத்துக்கு ஒத்து போல, மூன்று குழல்கள் கூடவே சுருதி பிடிக்கும்.

பையன் சின்னக் குழலை வாங்கிவிட்டான். பழகத்தான் நேரமில்லை. காலை எட்டுக்குக் கடைக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் அறைக்கு வருகிறான். அந்த நேரத்தில் ஊதினால் பக்கத்து அறைக்காரர் சும்மா விடுவாரா?

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் என்ன சொல்கிறது? நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் வேலை வாங்கினால் மேலதிகச் சம்பளம். வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை.

ஆகவே வேலைக்குப் போன நேரம், விட்ட நேரம் இரண்டையும் தினமும் கொப்பியில் எழுதி வையுங்கள். தனியாகக் கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் எனக்குத் தெரியும். கொப்பியைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து கேட்போம், தேவைப்பட்டால் தொழில் திணைக்களத்துக்கும் சேர்ந்தே போவோம்.

ஊரில் உங்கள் அம்மா அப்பாவிடமும் சொல்லி வருகிறேன்: பிள்ளை போன் எடுத்தால் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள், எத்தனை மணிக்கு வேலை விட்டது என்றும் கேளுங்கள்.