சாட்சி சொல்ல வாருங்கள்!

(நாலந்தாவில் நடைபெற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



இந்த நாலந்தாவின் பெருமை, கெடிகே என்னும் கற்கோயில். தமிழகத்துச் சிற்பமுறையும் பௌத்த வழிபாடும் கைகோத்து நிற்கும் கட்டடம் அது. 1970களில் போவத்தென்ன நீர்த்தேக்கம் எழுந்தபோது, கோயில் நீரில் மூழ்கிவிடும் என்று கண்டார்கள். என்ன செய்தார்கள்? கல் கல்லாகப் பிரித்தெடுத்து, மேட்டிலே கொண்டுவந்து, மீண்டும் பொருத்தி நிறுத்தினார்கள். நல்ல காரியம், பாராட்டுகின்றேன். ஆனால், ஒன்று கேட்கின்றேன். ஒரு கோயிலையே பெயர்த்து வைக்கத் தெரிந்த நாட்டுக்கு, ஓர் அலுவலக வாசற்படிக்குப் பக்கத்திலே சாய்வுப் பாதை ஒன்று கட்டத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கட்டாதிருப்பதேன்? வேண்டுமென்று கேட்கும் குரல் போதுமான அளவு எழவில்லை, அதனால்தான்.

சட்டம் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. அரசாங்க வேலைகளில் நூற்றுக்கு 3 மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988இல் சுற்றுநிருபம் வந்தது. வேலையிலும் கல்வியிலும் இயலாமையைக் காரணங்காட்டிப் பாகுபாடு செய்யலாகாது என்கின்றது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். மீறினால் மேல் நீதிமன்றத்தை நாடவும் வழி வகுக்கின்றது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006இல் பிறந்தன. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2016இல் இலங்கை ஏற்று உறுதி செய்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதேனும் இடர்ப்பாடு உடையோர் 16 இலட்சம் பேர். ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 8.7 பேர்.

சட்டம் இருக்கின்றது, கணக்கும் இருக்கின்றது. இல்லாதது எது? அந்த 16 இலட்சம் பேரின் வாய்ச்சொல்!

ஒரு மனிதரின் சொல் என்ன செய்யும் என்று ஐயுறுவோர்க்கு அஜித் பெரேராவின் வரலாற்றைக் கூறுவேன். அவர் இரசாயன அறிஞர், கிரிக்கெட் நடுவர். 1992இல் வீதியோரத்து மரமொன்று அவர் சென்ற காரின்மீது வீழ்ந்தது. அன்றுமுதல் சக்கர நாற்காலியே அவருடைய கால்களாயிற்று. விதியை நொந்து அவர் மூலையில் முடங்கினாரா? இல்லை. தாம் நுழைய முடியாத வாசல்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதினார். 2009இல் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, தாமே நின்று வாதாடினார். புதிதாக எழும் பொதுக் கட்டடங்கள் நடமாட்டம் குறைந்தோரும் அணுகத்தக்கவையாய் அமையவேண்டுமென்று 2011 ஏப்ரல் 27ஆம் நாள் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2020இல் அவர் மறைந்தார், கட்டளை மறையவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். சக்கர நாற்காலியில் இருந்த யூடித் ஹியூமன் என்னும் பெண்மணிக்கு 1970இல் நியூயோர்க்கில் ஆசிரியர் உரிமம் மறுக்கப்பட்டது. அவர் வழக்காடி வென்றார். 1977இல் சான் பிரான்சிஸ்கோவில் தோழர்களுடன் அரசாங்கக் கட்டடமொன்றில் மூன்று வாரங்களுக்கு மேலாக அமர்ந்து, கிடப்பிலே கிடந்த விதிகளைக் கையெழுத்தாக்க வைத்தார்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லுவேன். இளம்பிள்ளை வாதம் என் வலக்காலை வாட்டியது. காணிப் பத்திரமொன்றிற்காக ஓர் அலுவலகம் சென்றேன். மாடியில் ஏற 19 படிகள். இறங்கி வந்த எழுதுநர், "ஐயா, வேறு யாரையேனும் அனுப்பியிருக்கலாமே" என்றார். அவர் கெட்டவர் அல்லர். தேநீரும் வரவழைத்துத் தந்தார். மாடிப்படியின் அடியில் இருந்த வாங்கிலே அமர்ந்து கையொப்பமிட்டேன். எதிரே இருந்த கீழ்த்தள அறையில் உடைந்த நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. எனக்குக் கிடைத்தது தேநீர். கிடைக்க வேண்டியது அந்த அறை.

அன்பர்களே! இதை நான் சொல்வது உங்கள் கண்ணீருக்காக அன்று. படி எத்தனை என்று சொன்னேன். மாற்று வழி எது என்றும் சொன்னேன். இடமும் நாளும் தடையும் தீர்வும் சேர்ந்தால் துயரக்கதை சாட்சியமாகிவிடும். "ஐயோ பாவம்" என்று சொல்லிக் கடந்து போகலாம். சாட்சியத்துக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

எனினும், இரண்டு எச்சரிக்கைகள். மேடையில் சக்கர நாற்காலி கொடுத்துப் படம் பிடிக்கும் விழாவுக்காக எவருடைய துன்பத்தையும் இரவல் வாங்காதீர்கள். சொல்வதும் சொல்லாதிருப்பதும் அவரவர் விருப்பம். மற்றொன்று: கதை சொல்லத் தெரியாதவருக்கும் உரிமை உண்டு. வாய் பேசாதவரின் உரிமை, பேசுபவரின் உரிமைக்கு எள்ளளவும் குறைந்ததன்று.

விவசாயத் தோழர்களே! மரத்திலிருந்து வீழ்ந்து முதுகு முறிந்தவர், இயந்திரத்தில் கை இழந்தவர், முதுமையில் முழங்கால் மடங்காதவர் நம்மிடையே இல்லையா? இது பிறர் பிரச்சினை அன்று. நமது நாளைய பிரச்சினை. நீங்கள் சொல்லுங்கள்.

கற்றறிந்தவர்களே! நீங்கள் எழுதுங்கள். சொன்னவர் சொன்னபடியே, தமிழில் எழுதுங்கள். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. படி ஒரு தடையாகவும் மொழி மறு தடையாகவும் நிற்க விடாதீர்கள். எழுதியதைச் சொன்னவருக்கே படித்துக் காட்டி, அவர் சம்மதம் பெற்றுப் பிரதேச செயலகத்திற்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவிற்கும் அனுப்புங்கள். பொறியியலாளர் வாசலை அளக்கட்டும். சட்டத்தரணி விதியைச் சுட்டட்டும்.

நாம் கேட்பது கருணை அன்று. சட்டம் ஏற்கெனவே தந்துவிட்டதை! அதைப் பெறும்வரை ஒவ்வொருவராகச் சாட்சி சொல்லுவோம்.