முதல் பத்து நாளுக்கு ஒரு துணை

(கோலா தெர்லாவில் பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாவில் நம் பிள்ளைகள் கணீரென்று பாடுகிறார்கள், பரிசும் வாங்குகிறார்கள். ஆனால் கோயிலுக்கு ஓதுவார் வேண்டும், குருக்கள் வேண்டும் என்றால் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோதான் ஆள் தேடுகிறோம். வேலை அனுமதி தாமதமானால் திருவிழா நேரத்தில் தவிக்கிறோம். "நம் பிள்ளையையே அங்கே அனுப்பிப் படிக்க வைத்தால் என்ன?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நல்ல கேள்விதான். ஆனால், போய் இறங்கிய முதல் பத்து நாள் அந்தப் பிள்ளை என்ன பாடுபடும் என்று கேட்பவர்கள் குறைவு. நான் பேச வந்தது அந்தப் பத்து நாளைப் பற்றித்தான்.

கோலா தெர்லாவிலிருந்து ஒரு பையன் மயிலாடுதுறைக்குப் போகிறான் என்று வைத்துக் கொள்வோம். அங்கே தருமபுரம் ஆதீனத்தின் தேவாரப் பாடசாலை இருக்கிறது. பன்னிரு திருமுறைகளைப் பண்ணோடு பாடிப் பதிவு செய்த தருமபுரம் சுவாமிநாதன், 2009-இல் மறைந்தவர், அங்கே பயின்றவர்தான். பெயர் பெற்ற இடம், சந்தேகமில்லை. ஆனால் நம் பையன் குளிரில் பிறந்து வளர்ந்தவன். காவிரிக் கழிமுகத்தின் வெயில் அவனை முதல் நாளே சோர வைக்கும். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால், காலை உணவைத்தான் கேட்கிறான் என்று எதிரில் இருப்பவருக்குப் புரியாது. நம் தமிழ்தான், ஆனாலும் நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை இடறும்.

பாடமும் வேறு மாதிரி. இங்கே மேடைக்காக ஒரு பதிகத்தைப் பயிற்சி செய்தவன், அங்கே சம்பந்தரின் முதல் பதிகத்தில் நட்டபாடைப் பண்ணைப் பிடிக்கவே திணறுவான். வேதபாடசாலையில் சேர்ந்தால், குரு ஒரு முறை சொல்ல மாணவர் இரு முறை சொல்லும் 'சந்தை' முறை. பக்கத்தில் இருப்பவனுக்கு வருகிறது, நமக்கு வரவில்லை என்ற வெட்கம் இருக்கிறதே, அது வெயிலைவிடக் கொடியது. இரவில் வீட்டுக்குப் போன் வரும். "அம்மா, நான் வந்துடறேன்" என்பான். அம்மாவும் அழுவார். அதோடு ஒரு ஓதுவாரை நாம் இழந்தோம்.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. யூதர்களின் சமயப் பள்ளியை யெஷிவா என்பார்கள். அமெரிக்காவில் இடைநிலைப் பள்ளி முடித்த யூதப் பிள்ளைகள் பலர் ஓராண்டு ஜெருசலத்தில் உள்ள யெஷிவாக்களுக்குப் போய்ப் படிக்கிறார்கள். நம் நாட்டுக் கடப்பிதழ் இஸ்ரேலுக்குச் செல்லாது என்பதால் நம்மவர்களுக்கு இது அதிகம் தெரிவதில்லை. அந்தப் பிள்ளைக்கும் முதல் நாள் கண் இருட்டும். வீட்டில் பேசுவது ஆங்கிலம். விரித்து வைப்பது தல்மூத் நூல். அதில் பெரும்பகுதி பழைய அராமிக் மொழி. ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, வாய்விட்டுப் படித்து, ஒருவரோடு ஒருவர் வாதாடுவார்கள். இதற்கு ஹவ்ருதா என்று பெயர். தெரியாததைக் கேட்க வாத்தியார் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்திலேயே ஆள் இருக்கிறது.

சோற்றுக் கவலையையும் அவர்கள் யோசித்திருக்கிறார்கள். முன்பு வெளியூர் மாணவர்கள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் சாப்பிட வேண்டும். இன்று பெலாரஸ் நாட்டில் உள்ள வொலோஜின் ஊரில் 1803 வாக்கில் யெஷிவா தொடங்கிய ராபி ஹயிம் அதை மாற்றினார். பல ஊர்களில் நிதி திரட்டி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தார். படிக்கும் பிள்ளை யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை என்றாயிற்று.

இன்னொரு பயம், படித்த பிறகு வேலை கிடைக்குமா என்பது. அது வீண் பயம் அல்ல. தமிழ்நாட்டில் எல்லாச் சாதியினருக்கும் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகள் 2007-இல் தொடங்கின. இருநூறு பேருக்கு மேல் படித்து முடித்தார்கள். வழக்குகளும் தயக்கங்களும் இழுத்ததில், அரசுப் பள்ளிகளில் பயின்ற 24 பேர் பணியில் அமர 2021 ஆகஸ்டு வரை ஆனது. இளமையே போய்விட்டது.

ஆகவே ஆலயத் தலைவர்களுக்கு மூன்று வேண்டுகோள். பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள். பக்கத்து ஊர்க் கோயிலோடு பேசி இருவராக அனுப்புங்கள். போகுமுன் ஓராண்டாவது இங்கேயே பண்ணோடு பாடப் பழக்குங்கள். திரும்பி வந்தால் எந்தக் கோயில், என்ன சம்பளம் என்பதை எழுத்தில் கொடுங்கள். பொன்னாடையும் மாலையும் விமான நிலையத்தோடு வாடிவிடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. போனில் பிள்ளை அழுதால் திட்டாதீர்கள். உடனே டிக்கெட்டும் எடுக்காதீர்கள். "இன்னைக்கு யார் பக்கத்துல உட்கார்ந்தே?" என்று மட்டும் கேளுங்கள். பதிலில் ஒரு பெயர் வந்தால், பிள்ளை தங்கிவிடுவான்.