இருட்டுச் சடக்கில் நம்மை யார் பார்ப்பது?

(பாகான் செராய் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், போனஸ், வீட்டுப் பிரச்னை என்று பேசவேண்டியவை எவ்வளவோ இருக்க, இருட்டில் சடக்கோரம் போவதைப் பற்றி ஒரு பேச்சா என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்பட்டால்தான் நமக்குச் சோறு. மரத்தில் பால் நன்றாக ஓடுவது குளிர்ந்த வைகறையில்தான்; வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே நாம் பெரட்டுக்குக் கிளம்புவது எக்காலத்திலும் இருட்டு நேரமே. அதிலும் 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்துக் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். சூரியனை யாரும் கலந்துகொள்ளவில்லை போலும்! பேராக்கில் அது எழுவது ஏழு மணியை ஒட்டித்தான். சில மாதங்களில் ஏழரை ஆகிவிடும்.

நம் பெற்றோர் காலத்தில் லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்கும், அங்கிருந்து நிரைக்கும் தோட்டத்துக்குள்ளேயே நடை. மிஞ்சிப் போனால் கிராணியாரின் சைக்கிள் எதிரே வரும். இன்று அப்படியில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது, லயங்கள் பல இடிந்தன. டவுனை ஒட்டிய வீடுகளில் குடியிருந்துகொண்டு, மோட்டார் சைக்கிளிலும் சைக்கிளிலும் பெருஞ்சடக்கைக் கடந்துதான் நம்மில் பலர் வேலைக்குப் போகிறோம். அந்தச் சடக்கை நெல் லோரியோடும் செம்பனைக் குலை லோரியோடும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

நம் வட்டாரத்துச் சடக்குகளின் குணம் நமக்குத் தெரிந்ததுதான். கிரியான் நீர்ப்பாசனம் 1906-ல் முடிந்ததிலிருந்து இது வயலும் வாய்க்காலுமான பூமி. பாகான் செராயிலிருந்து செமாங்கோல் பக்கம் போனாலும், கோலக் குராவ் பக்கம் போனாலும், வயலுக்கு நடுவே வெகுதூரம் வளைவில்லாத ஓட்டம். நேர்ச்சடக்கில் வேகம் தானாக ஏறும். ஓரத்தில் வாய்க்கால் இருந்தால் ஒதுங்கவும் இடமில்லை.

இப்போது ஒரு சிறு கணக்கு. கூட்டரசுச் சடக்குகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அதாவது ஒரு வினாடிக்கு 25 மீட்டர். ஓட்டுநர் நம்மைக் கண்டு, ‘ஆள்’ என்று உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி என்று வைத்தாலும் 37 மீட்டர் போய்விட்டது. அதன்பின் காய்ந்த தாரில் கார் நிற்க இன்னும் 45 மீட்டராவது வேண்டும். மொத்தம் 80 மீட்டருக்கு மேல். மழையில் இன்னும் அதிகம். பாரம் ஏற்றிய லோரிக்கு அதனினும் அதிகம். தாழ்த்திய விளக்கொளியில் கறுப்புச் சட்டைக்காரர் தெரிவதோ ஏறக்குறைய 40 மீட்டரில். நம் பாஷையில் சொல்வதானால், நிரையில் மரத்துக்கு மரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் நிற்க 27 மரம் வேண்டும். நாம் கண்ணில் படுவது 13-வது மரத்தில். மிச்சமுள்ள 14 மரத்துக்கு யார் ஜவாப்தாரி?

இதில் நம்மை ஏமாற்றுவது நம் கண்தான். தூரத்தில் லோரி விளக்கு வெளிச்சமாகத் தெரிகிறது. நமக்கு அது தெரிவதால், அதற்கும் நாம் தெரிகிறோம் என்று மனம் சொல்லிவிடுகிறது. விளக்கை வைத்திருப்பது அது. இருட்டில் நிற்பது நாம். இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்து விளக்கொளி கலக்கும்போது, நடுவில் இருப்பவர் அடியோடு மறைந்தே போவார்.

நம் வேலை உடுப்பும் நமக்குச் சத்துரு. பால் பட்ட கறை போகாது, காய்ந்தால் கறுத்துவிடும். ஆகையால் இருப்பதிலேயே பழைய, கறுத்த சட்டையைத்தான் மரம் வெட்டப் போட்டுக்கொள்கிறோம். அதை மாற்றச் சொல்லவில்லை. அதன்மேல் வெள்ளி நிற ரிப்ளெக்டர் பட்டை தைத்துக்கொள்ளச் சொல்கிறோம். அந்தப் பட்டை வண்டியின் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால், 150 மீட்டருக்கு அப்பாலேயே ஓட்டுநருக்குத் தெரியும். வெறும் மஞ்சள், வெறும் பச்சை மேலங்கி வாங்கி ஏமாறவேண்டாம். அந்த நிறங்கள் பளிச்சிடுவது பகல் வெளிச்சத்தில். இரவில் உதவுவது வெள்ளிப் பட்டைதான்.

பட்டையை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். மார்பில் மட்டும் இருந்தால் ஓரத்துக் கம்பமோ பலகையோ என்று ஓட்டுநர் நினைக்கக்கூடும். கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டினால், அது மாறி மாறி அசைவதைக் கண்ட மாத்திரத்தில் நடக்கும் மனிதர் என்று மூளை கண்டுகொள்கிறது. சுவீடன் நாட்டு உளநூல் அறிஞர் குன்னார் யோகான்சன் 1973-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இது: மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளி வைத்து ஒருவரை இருட்டில் நடக்கவிட்டால், பார்ப்பவர் உடனே மனித நடை என்று சொல்லிவிடுகிறார். விடியற்காலையில் ஓட்டப் பயிற்சிக்குப் போகும் நம் இளைஞர்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கறுப்புக் காற்சட்டை அழகாய்த்தான் இருக்கிறது. காதில் பாட்டு வேறு!

நடப்பவரும் ஓடுபவரும் வண்டியை எதிர்நோக்கி, சடக்கின் வலப்புறம் போகவேண்டும். நெற்றியில் கட்டும் தலைவிளக்கு முன்னாலுள்ளதைக் காட்டுமேயன்றி, பின்னால் வருபவருக்கு நம்மைக் காட்டாது. அதை ஓட்டுநர் கண்ணில் நேராக அடிக்கவும் கூடாது. நாலைந்து பேராகப் போனால் கடைசி ஆளின் முதுகில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கட்டும்.

மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். பகலிலும் முன்விளக்கு எரியவேண்டும் என்ற விதி இந்நாட்டில் 1992 செப்டம்பரில் வந்தது. அப்போது பலர் சிரித்தார்கள். பிறகு சிரம்பான், ஷா ஆலாம் வட்டாரங்களில் ஆராய்ந்தபோது, கண்ணில் படாமையால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் 29 சதவிகிதம் குறைந்திருந்தன. முன்விளக்கு அணைந்தால் நமக்கே தெரிந்துவிடும். பின்விளக்கு அணைந்தால் தெரியாது. ஓட்டுபவர் அதை ஒருபோதும் பார்ப்பதில்லை. அது எரிந்தாலும் என்ன? ஒட்டுப்பால் சாக்கையோ புல்லுக்கட்டையோ பின்னால் கட்டி அதை மூடிவிடுகிறோம். மட்காட்டுச் சேறு சிவப்பு ரிப்ளெக்டரையும் மூடிவிடுகிறது.

பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு செய்தி. 2017 பிப்ரவரி 18, விடியுமுன் மூன்று மணி அளவில், ஜோகூர் பாருவில் மேடும் வளைவுமான இருட்டுச் சடக்கில், மாற்றிக் கட்டிய சைக்கிள்களில் கூட்டமாக இருந்த பையன்கள்மீது ஒரு கார் மோதி எட்டுப் பேர் மாண்டார்கள். எல்லோரும் 13 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள். கார் ஓட்டிய பெண்ணைக் கீழ்க்கோர்ட் இருமுறை விடுவித்தது. 2022-ல் உயர்நீதிமன்றம் ஆறாண்டு சிறை விதித்தது. 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. வழக்கு ஆறு வருஷம் இழுத்தது. தீர்ப்பு எந்தப் பக்கம் சாய்ந்தபோதிலும் அந்த எட்டு வீடுகளுக்கு என்ன மிஞ்சியது? பிள்ளைக்கு சைக்கிள் வாங்கித் தரும் கையோடு விளக்கும் வாங்கித் தருவோம்.

பிற நாடுகளில் இதை அற்பமாக எண்ணுவதில்லை. நடப்பவர் அணியும் சிறு ரிப்ளெக்டரை முதலில் செய்தவராகச் சொல்லப்படும் ஆர்வி லேத்தி என்ற பின்லாந்துக்காரர், தம் குதிரை வண்டியைக் காக்கவே அதைச் செய்தாராம். அந்நாட்டில் இருட்டில் நடப்பவர் அதை அணியவேண்டுமென்பது இன்று சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகும் பக்தர்களின் பைகளிலும் முதுகிலும் போலீசாரே ஒளிரும் பட்டை ஒட்டி அனுப்புகிறார்கள். முருகன் காப்பான் என்ற நம்பிக்கை உள்ளவர்கள்தான் அதையும் ஒட்டிக்கொள்கிறார்கள்.

முழுப் பாரமும் தொழிலாளியின் தலையில் என்று நாம் சொல்லவில்லை. தோட்டத்துச் சடக்கு பெருஞ்சடக்கில் வந்து சேரும் முனையில் விளக்குப் போடுவதும், புதர் வெட்டுவதும் நிர்வாகத்தின் கடமை. இருட்டில் வேலைக்கு வரச் சொல்பவர் பட்டை வாங்கித் தருவதில் தவறென்ன? அது ஒரு ஆளுக்குச் சில வெள்ளிதான். பொதுச் சடக்கில் எங்கே விளக்கில்லை, எங்கே ஓரம் சரிந்திருக்கிறது என்று ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் எழுதிக் கொடுத்தால், பொதுப்பணி இலாகாவுக்கு ஒரே மனுவாக அனுப்பலாம்.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். 1969-ம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 24-வது பிரிவின்படி, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போகும் வழியில் நேரும் விபத்தும் வேலை விபத்தாகக் கொள்ளப்படும். நடுவில் சொந்தக் காரியத்துக்காக வழி விலகியிருந்தால் கிடைக்காது. அந்நியத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி முதல் சொக்சோ பாதுகாப்பில் இருக்கிறார்கள். வங்காளதேசத்துத் தம்பிக்கு இது தெரிந்திராது, நீங்கள்தான் சொல்லவேண்டும். விபத்து என்றால் போலீஸ் புகார், ஆஸ்பத்திரிச் சீட்டு, எந்த வழி, எத்தனை மணி என்ற விவரம் யாவும் உடனுக்குடன் வேண்டும்.

பட்டைச் சுருள் நாலு வாங்கி வைத்திருக்கிறோம், கத்தரிக்கோலும் இருக்கிறது. கூட்டம் கலையுமுன் வெளியே நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிள்களின் விளக்கைப் போட்டுவிட்டு, எல்லோரும் பின்பக்கம் வந்து நின்று பார்ப்போம். எரியாதது யாருடையதோ, அவர் இன்றிரவு வேறொருவர் பின்னால் ஏறிப் போகட்டும்.