சீ, ஏ, ரீ என்று தொடங்கும் சொற்கள்
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியர் சார்பில் ஆற்றிய உரை)



ஆங்கிலச் சொற்களை நாங்கள் படித்த விதம் பலருக்கு நினைவிருக்கும். அகராதி வரிசையில் கொப்பியில் எழுதுவோம், பாடமாக்குவோம், மறுநாள் ஒப்புவிப்போம். சீ, ஏ, ரீ என்று தொடங்கும் பக்கம் வந்தால் குழப்பம்தான். முன்னெழுத்துகள் ஒன்றானால் பொருளிலும் உறவு இருக்கும் என்றே பிள்ளை மனம் எண்ணும். 'கற்' என்றால் பூனை. ஆனால் அந்தப் பக்கத்தில் பூனைகள் குறைவு.

கற்றலொக், கற்றஸ்ட்ரொபி, கற்றரக்ட் ஆகியவற்றின் முன்னே நிற்பது 'கீழே' என்றும் வேறு சில பொருளும் தரும் ஒரு கிரேக்க முன்னொட்டு. கற்றரக்ட் கீழே பாயும் நீர்வீழ்ச்சி. கண்புரைக்கும் அதே பெயர். கத்தோலிக்கம் என்பதிலும் அந்த முன்னொட்டு உண்டு. மாடுகளைக் குறிக்கும் 'கற்றில்' இலத்தீன் வழி வந்தது; முதலில் அதற்குச் சொத்து என்றே பொருள். மாடு என்றால் செல்வம் என்ற பழந்தமிழ் வழக்கை அறிந்த பிள்ளைக்கு இது ஒருமுறை சொன்னால் போதும். பூனை உண்மையாகவே ஒளிந்திருப்பது மயிர்க்கொட்டியில்: கற்றர்பிலர், பழைய பிரெஞ்சில் 'மயிர் அடர்ந்த பூனை'.

இனி நம் கடலுக்கு வருவோம். கற்றமரன் கிரேக்கமும் அல்ல, பூனையும் அல்ல, நம்முடைய கட்டுமரம். மரங்களைக் கயிற்றால் பிணைத்துத் தொழிலுக்குப் போன கரையோர மக்களின் சொல். 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலில் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. 1804இல் பிரான்சின் பூலோன் துறைமுகக் கப்பல்களைத் தகர்க்க ஆங்கிலக் கடற்படை மிதக்கவிட்ட வெடிகலங்களுக்கும் அப்பெயரையே வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் சண்டைக்காரக் கிழவியையும் கற்றமரன் என்றார்கள்! முன்னால் நிற்கும் பூனைதான் அந்த எண்ணத்தைத் தூண்டியது போலும். (இத்தனை மூத்தவர்கள் கூடியிருக்கும் சபையில் இதைச் சொல்வது ஆபத்துத்தான்.) இன்று உலகம் கற்றமரன் என்பது இரட்டை உடல் கொண்ட படகை. அந்த வடிவத்துக்குப் பசுபிக் தீவினரின் இரட்டைத் தோணிகளே முன்னோடி. பெயர் நம்முடையது, படகு அவர்களுடையது.

பைபர் போட்டுகளையே பார்த்து வளரும் பிள்ளை, 'கற்றமரன்' என்பதை அகராதியில் கண்டு அந்நியச் சொல்லாகப் பாடமாக்கினால், அது உன் பூட்டனுடைய சொல் என்று அவளுக்கு யார் சொல்வது? ஆங்கிலம் என்றால் ஒதுங்கி நிற்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். தனக்கும் அந்த மொழியில் ஒரு பங்கு உண்டென்று தெரிந்தால் அவள் பக்கத்தைப் புரட்டும் விதமே வேறாக இருக்கும்.

ஆகவே இந்த நூற்றாண்டில் நாங்கள் கேட்பது இதுதான். ஆறாம் தரம் முதல் ஒவ்வொரு வகுப்புக்கும் சொற்பிறப்பு தரும் ஆங்கில அகராதி ஒன்று வேண்டும். செலவைப் பழைய மாணவியர் நாங்கள் ஏற்போம். கடற்றொழில் குடும்பங்களிலிருந்து வந்த அக்காமார், வள்ளம், வலை, காற்று பற்றி வீட்டில் வழங்கிய சொற்களை எழுதித் தாருங்கள். நூலக மேசையில் கொப்பி ஒன்று திறந்திருக்கிறது. தேநீருக்குப் போகுமுன் அங்கே வாருங்கள்.