கடையத்துப் பெயரைக் காப்போம்
(திரேஸ்புரத்தில் ஆற்றிய உரை)



சங்கு குளிப்போரும் மீனவரும் வாழும் இவ்வூரில் கஞ்சிக்குத் துணை எலுமிச்சை ஊறுகாய். கடலோடிகளின் ஈறு வீங்கிக் குருதி கசியும் நோயைக் கிச்சிலியும் எலுமிச்சையும் தீர்க்கும் என 1747இல் பிரித்தானியக் கப்பல் மருத்துவர் சேம்சு இலிண்டு ஆய்ந்து காட்டினார்.

அக்கனியை நமக்கு விளைத்துத் தருவோர், இன்றைய தென்காசி மாவட்டத்துக் கடையம், புளியங்குடி உழவர். நல்ல மரத்தின் விதை தேர்ந்து நாற்றெடுத்தது அவர்தம் பட்டறிவு. கடையத்து நாட்டு வகையினின்றே பெரியகுளம் ஆய்வாளர் ஒரு வகையைத் தெரிந்தெடுத்தனர். இட்ட பெயரோ 'பி.கே.எம்.1'! ஆங்கில எழுத்துகள் நின்றன. ஈன்ற ஊர் மறைந்தது. ஆய்வாளர் உழைப்புப் போற்றற்குரியதே. ஆயினும், பெயர் அழியின் உழவர் வரலாறும் அழியும்.

நாற்று விற்போரும் வாங்குவோரும் 'கடையம் எலுமிச்சை' என்றே வழங்குக!

வாழ்க தமிழ்!