புதுக்கணக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில், மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)

 

"வீட்டுத் தொழிலும் புத்தாண்டுக் குறிக்கோளும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றனர். நான் மேடைகள் பல கண்டவள் அல்லள். பதினோராண்டுகளாக முறுக்கும் அதிரசமும் செய்து விற்றுவரும் ஓர் எளிய இல்லத்தரசி. எனினும், இப்பொருளில் தவறிழைத்துக் கற்றவள் என்ற தகுதி எனக்கு உண்டு. அத்தகுதி ஒன்றே பற்றுக்கோடாக உங்கள்முன் நிற்கிறேன்.

தங்கவயலில் வாழும் நமக்குப் புத்தாண்டு ஒன்றோடு முடிவதில்லை. ஆங்கிலப் புத்தாண்டு சனவரித் திங்களில் வருகிறது. கன்னடச் சகோதரிகளும் தெலுங்குச் சகோதரிகளும் யுகாதியன்று வேப்பம்பூவும் வெல்லமும் கொடுத்து நம்மை வாழ்த்துகின்றனர். அடுத்துச் சித்திரை பிறக்கிறது. ஆகவே குறிக்கோள் கொள்வதற்கு நமக்கு நாள் பஞ்சம் இல்லை. கொண்ட குறிக்கோள் ஆடி வரைக்கும் நிலைப்பதுதான் அரிதாயிருக்கிறது. ஏன் அவ்வாறு ஆகிறது?

நம் வணிகப் பெருமக்கள் ஆண்டுதோறும் புதுக்கணக்கு எழுதும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். புதிய ஏட்டின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழியிட்டு, முதல் வரவை எழுதுவர். நம் கண்ணுக்குத் தெரிவது மஞ்சளும் குங்குமமும்தான். அதற்கு முந்திய இரவில், விளக்கின் முன் அமர்ந்து, பழைய பேரேட்டைக் கூட்டிக் கழித்து, நிலுவை இவ்வளவு என்று கண்டு வைத்திருப்பர். அந்த நிலுவைதான் புதிய ஏட்டில் முதலில் ஏறும். பழங்கணக்குப் பாராமல் கொண்ட குறிக்கோள், மஞ்சள் தடவிய வெற்றேடு. நான் இன்று சொல்ல வந்தது இதுவே.

என் கதையையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், சனவரி முதல் நாளன்று, "இவ்வாண்டு விற்பனையை இரட்டிப்பாக்குவேன்" என்று நாட்காட்டியின் பின்புறத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன். என் அண்ணியையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். உழைப்பில் குறை வைக்கவில்லை. சித்திரைக்குள் விற்பனை உண்மையாகவே இரட்டித்தது. அண்டை அயலார் பாராட்டினர். ஆனால் ஆனி மாதத்தில் எண்ணெய் வாங்கப் பணம் இல்லை. ஆடியில் மளிகைக் கடைக்காரர், பழைய பாக்கியைத் தீர்த்தாலன்றி எண்ணெய் தர இயலாது என்றார். என் தாயார் எனக்கு இட்ட ஒரே இணை வளையலை அடகு வைத்தேன். உலகத்திற்கே பொன் எடுத்துக்கொடுத்த ஊரில் பிறந்தவள், முறுக்குச் சுட எண்ணெய் வேண்டிக் கைவளையலைக் கழற்றிய நாள் அது. விற்பனை பெருகப் பெருக வீட்டில் பணம் குறைந்தது எவ்வாறு? அந்த வினாதான் என்னைக் கணக்கெழுத வைத்தது.

அன்றைய கணக்கை உங்கள்முன் மறைக்காமல் வைக்கிறேன். ஐந்து கிலோ முறுக்கு, கிலோ 280 ரூபாய் வீதம் 1,400 ரூபாய். அரிசி, உளுந்து முதலியவற்றுக்கு 330, எண்ணெய்க்கு 350, எரிவாயுவுக்கு 110, உறைக்கு 60, கொண்டுசெல்லும் கூலி 80. ஆகச் செலவு 930. மிச்சம் 470 ரூபாய் என்று மகிழ்ந்திருந்தேன். ஆனால் அந்த 1,400இல் ஏறத்தாழ 350 ரூபாய் கடனாக நின்றது. அதில் பெரும்பகுதி திரும்பவே இல்லை. எஞ்சியது 120. அதற்காக இரண்டு பெண்கள் மூன்று மணி நேரம் அடுப்பின்முன் வெந்தோம். ஒரு பெண்ணின் ஒரு மணி நேர உழைப்புக்கு 20 ரூபாய்! விற்பனையை இரட்டிப்பாக்கிய நான், கடனையும் அல்லவா இரட்டிப்பாக்கியிருந்தேன்? "தெரிந்து செயல்வகை" என்ற அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வள்ளுவப் பெருந்தகை, அழிவதையும் ஆவதையும் பின்பு கிடைக்கும் ஊதியத்தையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். பள்ளியில் படித்தபோது மதிப்பெண்ணுக்காகப் படித்தேன். அடகுக் கடை வாசலில்தான் அதன் பொருள் விளங்கியது.

அன்பர்களே! இக்கடன் என் ஒருத்தியின் அறியாமையால் மட்டும் வந்ததன்று. அதற்கு இவ்வூரின் வரலாற்றில் வேர் உண்டு. 1880இல் ஜான் டெய்லர் குழுமத்தார் இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கிய பின்னர், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் நம் முன்னோர் மூட்டை முடிச்சுகளோடு வந்து சேர்ந்தனர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1962இல் மைய அரசின் கைக்கு மாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. இத்தனை மாற்றத்திலும் மாறாதது ஒன்றிருந்தது. அதுதான் சம்பள நாள். சங்கு ஊதினால் வேலை. சம்பள நாள் வந்தால் கடன் தீர்வு. லயன் வீடுகளில் வாழ்ந்த நம் பாட்டிமார் அந்த நாளை நம்பியே கடன் கொடுத்தனர், கடன் வாங்கினர். அது ஏமாற்றமன்று, நாணயமான ஏற்பாடு.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் எண்ணூறு டன் அளவுக்குத் தங்கம் தந்த ஊர் அது. தொடக்கக் காலத்தில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கும் மேல் கிடைத்த பொன், பிற்காலத்தில் சில கிராமாகச் சுருங்கியது. ஆழமோ மூன்று கிலோமீட்டரைக் கடந்தது. வரவு குறைந்து செலவு பெருகினால் பொன் விளையும் பூமியும் நிலைக்காது என்றால், நம் அடுப்படி எம்மாத்திரம்?

சுரங்கம் மூடிய பின் நம்மவர் விடியற்காலையில் மாரிக்குப்பம் இரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று உழைக்கின்றனர். ஒருவருக்கு வாரக்கூலி, ஒருவருக்கு மாதச் சம்பளம், மற்றொருவருக்கு அன்றாடக் கூலி. ஊருக்கெல்லாம் பொதுவான சம்பள நாள் போய்விட்டது. அதை நம்பி வளர்ந்த கடன் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. இதை நான் உணர்ந்த பிறகே என் குறிக்கோள் மாறியது.

அடுத்த ஆண்டு நாட்காட்டியில் ஒன்றும் எழுதவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்றே வரிகள் எழுதினேன். ஒன்று: சனிக்கிழமைதோறும் மாலையில் வரவு செலவு பார்ப்பேன். இரண்டு: கடன் வாங்குவோர் பெயருக்கு நேரே அவரவர் சம்பள நாளை எழுதுவேன், முந்திய பாக்கி தீராமல் அடுத்த பொட்டலம் கடனாகத் தரமாட்டேன். மூன்று: எண்ணெய் விலை ஏறினால் அந்த வாரமே முறுக்கின் விலையைத் திருத்துவேன். "இரட்டிப்பு" என்ற சொல் அந்த நோட்டில் இல்லை. நான் செய்யக்கூடிய செயல்கள் மட்டுமே இருந்தன.

இவற்றுள் இரண்டாவதுதான் நெஞ்சை வருத்தியது. என்னைத் தூக்கி வளர்த்த பெரியம்மா முறை உடையவர் ஒருவர் கடனுக்கு வந்தபோது, "பெரியம்மா, உங்கள் மகனுக்குச் சம்பளம் எந்தக் கிழமை?" என்று கேட்டேன். அவர் முகம் வாடிற்று; என் நாவும் உலர்ந்தது. இரண்டு வாரம் அவர் என் வாசலை மிதிக்கவில்லை. மூன்றாவது வாரம், மகன் கூலி பெற்ற மறுநாள், பாக்கியை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து தந்து, "கேட்டதே நல்லதடி, கொடுக்க வேண்டிய நாள் எனக்கும் நினைவிருக்கிறது" என்றார். கணக்குக் கேட்பது உறவை முறிக்கும் என்று அஞ்சியிருந்தேன். கேட்காமல் உள்ளே புழுங்கியதே உறவை அரித்துக்கொண்டிருந்தது. இல்லாதவருக்கு உதவுவதை நான் விட்டேனில்லை. அதனைக் கடன் என்று எழுதாமல் கொடை என்று தனியே எழுதுகிறேன்.

இவ்விடத்தில் நாடறிந்த ஒரு முன்மாதிரியை நினைவூட்டுவேன். 1959ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள், பம்பாயின் கிர்காம் பகுதியில், ஒரு குடியிருப்பின் மொட்டைமாடியில் ஏழு பெண்கள் கூடி, 80 ரூபாய் கடன் பெற்று அப்பளம் இடத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான ஜஸ்வந்திபென் பொப்பட் அம்மையாருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. முதல் நாளில் செய்தவை நான்கே பொட்டலம். நன்கொடை வாங்குவதில்லை என்று உறுதி பூண்டனர். முதலாண்டு மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் நான்கு மாதம் தொழில் நின்றது. மறு ஆண்டு அவர்கள் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினர். கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டி உலர்த்தினர். மழையிலும் தொழில் நடந்தது. இன்று இலிஜ்ஜத் என்னும் பெயரில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் உழைக்கின்றனர். சென்ற ஆண்டு எங்கே தடைப்பட்டோம் என்று பார்த்து, அந்த ஒரு தடையை நீக்க அவர்கள் செய்த ஏற்பாடு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும்தான். உங்கள் தொழிலின் மழைக்காலம் எது? அதற்குரிய கட்டில் எது? இவ்விரண்டு வினாக்களையும் உங்கள் புதுக்கணக்கின் முதற் பக்கத்தில் எழுதுங்கள்.

குறிக்கோள் கொண்டாயிற்று, காப்பது எப்படி? என் நோட்டிலும் ஓர் ஆவணியில் மூன்று சனிக்கிழமைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. மகளுக்குக் காய்ச்சல், கணக்குப் பார்க்க மனமில்லை. முன்பு போலிருந்தால், "இவ்வாண்டு போயிற்று, அடுத்த சனவரியில் பார்க்கலாம்" என்று மூடி வைத்திருப்பேன். இம்முறை அந்த மூன்று வாரத்தையும் கோடிட்டு விட்டுவிட்டு, நான்காவது சனிக்கிழமை மீண்டும் எழுதினேன். தவறிய வாரத்திற்கு அடுத்த வாரமே புத்தாண்டு என்று கொள்ளுங்கள்.

தனியொருத்தியின் உறுதியைக் காட்டிலும், பலர் அறிந்த உறுதி வலியது. 1992இல் நபார்டு வங்கி 500 சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கிய பின்னர், நாடெங்கும் பெண்கள் கூடி அமர்ந்து, சேமிப்பையும் கடனையும் அனைவர் காதிலும் விழப் படிக்கும் வழக்கம் பரவியது. வங்கி நம்பியது அந்தப் பேரேட்டை. அது ஒழுங்காயிருந்தால் 2015இல் தொடங்கிய முத்ரா போன்ற கடன் திட்டங்களையும் நாம் அச்சமின்றி அணுகலாம். கணக்கு இல்லாமல் வாங்கும் கடனோ, என் வளையலைப் போல அடகுக் கடையில்தான் கொண்டுபோய் நிறுத்தும்.

வளையல் என்ன ஆயிற்று என்று நீங்கள் எண்ணக்கூடும். மூன்று வரி எழுதிய அந்த ஆண்டில் என் விற்பனை சற்றுக் குறைந்தது. ஆனால் தை பிறப்பதற்குள் மளிகைப் பாக்கி தீர்ந்தது. அடுத்த சித்திரைக்கு முன் வளையல் வீடு திரும்பியது. இதோ, கையில் அணிந்திருக்கிறேன்.

முடிவாக, சங்கத் தலைவர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, சங்கக் கட்டடத்தில் ஒரு பாயும் ஒரு விளக்கும் எங்களுக்குத் தாருங்கள். தையல் செய்வோரும், பொடி இடிப்போரும், பூக்கட்டுவோரும் அவரவர் நோட்டுடன் வந்து அமர்வோம். ஒருவர் கணக்கை மற்றவர் கேட்போம். நம் முன்னோர் பாறையைக் குடைந்து பொன்னைப் பிரித்தெடுத்தனர். நாம் நம் உழைப்பைக் கூட்டிக் கழித்து, அதிலுள்ள பொன் எவ்வளவு என்று காண்போம்.