சிறு மூலக்கூறும் உடலின் காவலும்



புற்றுநோய் என்னும் சொல் நம் இல்லங்களில் இன்றும் தாழ்ந்த குரலிலேயே உச்சரிக்கப்படுகின்றது. அந்நோயை எதிர்த்து உடல் தானாகவே நிகழ்த்தும் போராட்டத்தில், மிகச் சிறியதொரு மூலக்கூறு ஆற்றும் பணியைக் குறித்து இங்குச் சிந்திக்க விழைகின்றோம்.

நம் உயிரணுக்களில் மரபணுவின் கட்டளையைச் சுமந்து சென்று புரதத்தை உருவாக்கச் செய்வது தூது ஆர்.என்.ஏ. ஆகும். அக்கட்டளை நிறைவேறாமல் தடுக்கும் சிறு ஆர்.என்.ஏ.க்களும் உள்ளன. ஏறத்தாழ 22 மரபெழுத்துகளே கொண்ட இவற்றை மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பர். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் இவற்றுள் முதலாவது கண்டறியப்பட்டு, அதன் செயல்முறையும் 1993ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அதற்காக அமெரிக்க அறிஞர்கள் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

நம் குருதியிலுள்ள டி அணுக்கள் காவலர்களைப் போன்றவை. கெட்டுப்போன உயிரணுக்களை இனங்கண்டு அழிப்பவை. புற்றணுவோ, தன் மேற்பரப்பில் பி.டி.எல்-1 என்னும் புரதத்தை ஏந்தி நின்று அக்காவலர்களைச் செயலிழக்கச் செய்கின்றது. அப்புரதம் மிகாமல் அடக்குவது மிர்-34ஏ என்னும் சிறு ஆர்.என்.ஏ. பலவகைப் புற்றுநோய்களில் இதன் அளவு குறைந்துவிடுகின்றது. மிர்-155 என்பது மற்றொன்று. டி அணுக்களில் இஃது இல்லாத எலிகளில் புற்றுக்கட்டி விரைந்து வளர்ந்தது. பி அணுக்களில் இது மிகுந்த எலிகளுக்கோ இரத்தப் புற்றுநோயே தோன்றியது. குறைந்தாலும் தீங்கு, மிகுந்தாலும் தீங்கு.

அவ்வாறாயின், குறைந்ததை மருந்தாகச் செலுத்தினால் என்ன? மிர்-34ஏவின் வடிவத்தைக் கொழுப்புத் துகள்களில் பொதிந்து, எம்.ஆர்.எக்ஸ்.34 என்னும் பெயரில் 2013ஆம் ஆண்டு முதல் நோயாளிகளுக்குச் செலுத்திச் சோதித்தனர். நோய் முற்றிய 85 பேருள் மூவருக்குக் கட்டி ஓரளவு சுருங்கியது. ஆயினும் நோயெதிர்ப்பு சார்ந்த கடும் பக்கவிளைவுகளால் நால்வர் உயிரிழந்தமையால், 2016ஆம் ஆண்டு அச்சோதனை நிறுத்தப்பட்டது. ஒரே சிறு ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடவல்லது. புற்றணுவை மட்டும் சென்றடையுமாறு அதனைச் செலுத்துவதே ஆய்வாளர்கள் எதிர்கொள்ளும் பெருஞ்சவால்.

அன்பிற்குரியோரே! மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கொண்டு புற்றுநோயைத் தீர்க்கும் மருந்து எதுவும் இதுவரை அங்கீகரிக்கப்படவில்லை. எனவே, உடலின் எதிர்ப்பாற்றலைப் பெருக்கிப் புற்றுநோயைப் போக்குவதாகக் கூறி விற்கப்படும் பொருள்களை நம்பி எவரும் பொருளையும் காலத்தையும் இழந்துவிட வேண்டா. எதிர்ப்பாற்றல் மிகுவது எப்போதும் நன்மையே என எண்ணுதல் தவறு என்பதற்கு அந்நால்வரின் மறைவே சான்று. ஆறாத புண், மறையாத கட்டி, காரணமற்ற இரத்தப்போக்கு ஆகியவற்றைக் கண்டவுடன், கூச்சமும் அச்சமும் விடுத்து மருத்துவரை நாடுவோம். நாளைய மருந்திற்காகக் காத்திராமல், இன்றுள்ள சிகிச்சையை உரிய காலத்தில் பெறுவோம்.